வளையல் சத்தமும் அஞ்சலை அக்காவின் காதும்

பழைய ஃபேக்டரித் தோழி ஃபாத்திமா போன் செய்தபோது நான் லகாட் வீட்டில் சமையற்கட்டில் இருந்தேன். மேலே காத்தாடி ஓடிக்கொண்டிருந்தது. அடுப்பில் குக்கர் கத்திக்கொண்டிருந்தது. "சரோ, கேக்குதா? அஞ்சலை அக்கா போயிட்டாங்கடி" என்றாள். கேட்டது. ஆனாலும் கேட்காதவள் மாதிரி, "இரு, எல்லாத்தையும் நிறுத்திட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தேன், காத்தாடியை நிறுத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன். திரும்ப வந்து போனை எடுத்து, "இப்ப சொல்லு" என்றேன். ஃபாத்திமா அதையேதான் சொன்னாள். வீட்டில் ஒரு சத்தமும் இல்லாததால் இரண்டாவது தடவை இன்னும் நன்றாகக் கேட்டது.

பதினாறாம் நாளுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க அக்காவின் மகன் ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கிறார். கூட வேலை பார்த்தவர்கள் பேரில் நீங்கள்தான் எழுத வேண்டும் என்றார். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் படித்தவள். ஊருக்குக் கடிதம் எழுதியதோடு சரி. உங்களில் பலருக்கு அக்காவைக் கோவில் திருவிழாவில் மோர் ஊற்றுகிறவராகத் தெரியும். பக்கத்து வீட்டுச் சண்டையைக்கூட இரண்டு வார்த்தையில் முடித்து வைக்கிறவராகத் தெரியும். நான் சொல்லப்போவது கமுந்திங் ஃபேக்டரியில் அவரோடு ஒரே அறையில் உட்கார்ந்திருந்த நாட்களை. எண்பதுகள் முடியப்போகும் சமயம் அது.

அந்த ஃபேக்டரியில் நாங்கள் செய்தது உள்ளங்கை அளவுக் காத்தாடி. கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளே வைப்பது. எங்களில் ஒருத்திகூட அதுவரை கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை. "பொம்மை வீட்டுக்காடி இது?" என்று ஃபாத்திமா கேட்டாள். பெட்டிக்குள்ளே மூளை மாதிரி ஒரு சில்லு இருக்கிறது, கணக்குப் போடப் போட அது சுடும், சுட்டால் கெட்டுப்போகும், அதன்மேல் காற்று அடிக்கவேண்டும் என்று மேடம் வோங் சொன்னார். மேடம் வோங்தான் எங்கள் லைனுக்குச் சூப்பர்வைசர். சின்ன வயதில் தோட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த சீனப் பெண்மணி என்பதால் தமிழ் பேசுவார். காற்று அடித்தால் மட்டும் போதாது, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்குச் சத்தமும் கேட்கக்கூடாது, இரைகிற காத்தாடியை வாங்குகிற கம்பெனி திருப்பி அனுப்பிவிடும் என்றும் சொன்னார்.

அதற்காகவே லைனுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருந்தது. சுவர் முழுக்க முட்டை அட்டையை ஒட்டியிருப்பார்கள். கதவைச் சாத்தினால் வெளியே மெஷின் ஓடுவது தெரியாது. அங்கே இரண்டு நாற்காலி, ஒரு மேசை, மேசைமேல் காத்தாடியை மாட்டும் இரும்புத் தாங்கி. ஒவ்வொரு காத்தாடியையும் அதில் மாட்டி, சுவிட்சைப் போட்டு, காதால் கேட்டுப் பிரிப்பதுதான் வேலை. நல்லது ஒரு பெட்டி, ரிஜெக்ட் ஒரு பெட்டி. அஞ்சலை அக்கா அந்த அறைக்கு முதல் ஆள்.

காலையில் வந்ததும் அக்கா சுவிட்சைத் தொடமாட்டார். கதவைச் சாத்திவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பார். நான் போன முதல் நாள் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்து நானும் கண்ணை மூடினேன். "தூங்காதடி. முதல்ல ஒண்ணுமில்லாததக் கேளு. அது தெரிஞ்சாத்தான் என்ன இருக்குன்னு தெரியும்" என்றார். அதற்குப் பிறகுதான் காத்தாடி. சத்தம் கேட்டு முடித்ததும் அதன் முன்னால் ஒரு டிஷ்யூப் பேப்பர் கீற்றைத் தொங்கவிடுவார். கீற்று எவ்வளவு தூக்குகிறது என்று பார்ப்பார். "சத்தம் போடாம இருக்கிறது பெருசில்ல. பேசாம உக்காந்திருக்கவும் ஆளுங்க இருக்காங்க. காத்து வரணும்லா" என்பார். இரண்டும் சரியாக இருந்தால் மேசையில் விரலால் இரண்டு தட்டு தட்டி "பாஸ்" என்பார். அந்த "பாஸ்" அவர் வாயிலிருந்து சும்மா வராது.

அக்காவுக்கு அந்தக் காது எப்படி வந்தது என்று எல்லோரும் கேட்போம். எழுபதுகளில் அவர் ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டியவர். தோட்டத்தை வெட்டிக் கூறுபோட்டு விற்றபிறகுதான் ஃபேக்டரிக்கு வந்தார். விடியற்காலை ரப்பர் காட்டு அமைதியில் பழகிய காதாக இருக்கும் என்று மேடம் வோங் ஒருநாள் மரியாதையாகச் சொன்னார். அக்கா சிரித்துவிட்டார். "மரம் என்ன பேசவா செய்யுது மேடம்? கொசுதான் பேசும். இது என் வீட்டுக்காரரு கொறட்டையில பழகின காது. எந்தக் கொறட்டைக்கு எழுப்பணும், எதுக்கு விட்டுரலாம்னு இருவது வருஷம் கேட்டுக் கேட்டு வந்தது."

அவர் சொன்னது எல்லாம் சரி என்று எழுதினால் அக்காவே சிரிப்பார். கறுப்புக் காத்தாடி குளிர்ச்சி, வெள்ளைக் காத்தாடி இரைச்சல் என்று ஒரு நினைப்பு அவருக்குக் கடைசிவரை இருந்தது. இரண்டும் ஒரே அச்சு, சாயம்தான் வேறு என்று இஞ்சினியர் படம் போட்டுக் காட்டினார். "சரி தம்பி" என்று தலையாட்டிவிட்டு, அவர் போனதும் வெள்ளையை எடுத்து இன்னொரு தடவை காதில் வைத்துக் கேட்டார். பிடிவாதம் என்றால் அப்படிப் பிடிவாதம்.

நான் அந்த அறைக்குப் போனதும் அக்காவால்தான். என் வீட்டுக்காரருக்கு லகாட் பக்கம் ஈயச் சுரங்கத்தில் வேலை. ஈயம் விலை இறங்கிச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். லகாட் வீட்டைப் பூட்டிவிட்டுக் கமுந்திங்கில் மாமியார் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். என் ஒருத்தி சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அதற்கு முந்திய வருஷம் எனக்கு வயிற்றில் தங்கியது ஐந்தாம் மாசத்தில் போய்விட்டது. மறுபடி உண்டானபோது நான் லைனில் நின்றுகொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே சொல்லப் பயம். வயிறு தெரிந்தால் ஆளை எடுத்துவிடுவார்கள் என்று பேச்சு இருந்தது. அக்கா எப்படிக் கண்டுபிடித்தாரோ, மேடம் வோங்கிடம் போய், "எனக்கு இன்னொரு காது வேணும். சரோஜா காது நல்லாருக்கு. உக்கார வச்சுப் பழக்குறேன்" என்று கேட்டு என்னை உள்ளே கூட்டிக்கொண்டார். அப்படி உட்கார்ந்ததால்தான் ஐந்தாம் மாசம் தாண்டியது என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

ஏழாம் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் எனக்கு வளைகாப்புப் போட்டார். இரண்டு கையிலும் முன்கை பாதி வரை கண்ணாடி வளையல். "பிள்ளை பொறக்கிற வரைக்கும் ஒண்ணுகூடக் கழட்டக்கூடாது. போன தடவை போனது போதும்" என்று சொல்லித்தான் போட்டார். வளையல் சத்தம் கேட்டு வயிற்றுப்பிள்ளை சந்தோஷப்படும் என்பது எங்கள் வழக்கம். அக்கா வளைகாப்புக்கு வரவில்லை. தங்கச்சி கல்யாணம் என்று பீடோருக்குப் போயிருந்தார். புதன்வரை லீவு.

திங்கட்கிழமை நான் தனியாக அறையில் உட்கார்ந்தேன். முதல் காத்தாடியை மாட்டிச் சுவிட்சைப் போட்டேன். காற்றுச் சத்தத்துக்கு அடியில் மெல்லிசாக ஒரு கிணுகிணுப்பு. ரிஜெக்ட். இரண்டாவது, அதே கிணுகிணுப்பு. மூன்றாவது, நான்காவது, எல்லாம் அப்படித்தான். மத்தியானத்துக்குள் ரிஜெக்ட் பெட்டி நிறைந்து, தரையில் அடுக்க ஆரம்பித்தேன். நல்லது என்று என் காது சொன்னது ஒரு தட்டுக்குள் அடங்கியது.

மறுநாள் லைனே கலங்கிப்போனது. பேரிங் சரியில்லை என்று மெக்கானிக் வந்து பெட்டி பெட்டியாகப் பிரித்து மாற்றினார். மாற்றியதைக் கொண்டுவந்து கொடுத்தால் அதிலும் கிணுகிணுப்பு. கம்பி சுற்றுகிற பெண்களுக்குத் திட்டு விழுந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி என் காதில் விழும்படியே, "மாசமா இருக்கிறவளுக்கு நாக்குல புளிப்புக் கேக்கும்னு தெரியும். காதுல எல்லாம் கேக்குமா?" என்றாள். புதன்கிழமை மேடம் வோங் கதவைத் திறந்து நின்று, தரையில் இருந்த அடுக்குகளைப் பார்த்தார். "சனிக்கிழமை லாரி வரும் சரோஜா. காத்தாடி போகணும், இல்லாட்டி ஆளு போகணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. வீட்டில் இதைச் சொல்லாமல் படுத்தேன்.

வியாழக்கிழமை காலை அக்கா வந்தார். கையில் ஒரு பை பீடோர் கொய்யாப் பழம். இன்னொரு கையில் காகிதத்தில் சுற்றியது ஏதோ. "வளைகாப்புக்கு வர முடியல, கோவிச்சுக்காத" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர் தரையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்னடி இது, சந்தை போட்டிருக்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கதவைச் சாத்தினார். வழக்கம்போல ஒரு நிமிஷம் ஒன்றுமில்லாததைக் கேட்டார். நான் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பிறகு ரிஜெக்டில் ஒன்றை எடுத்து மாட்டிப் போட்டார். கேட்டார். இன்னொன்று. இன்னொன்று.

"ஒண்ணும் இல்லியே. நீ கேளு."

நான் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, எப்போதும் போல இடது கையை மேசையில் ஊன்றிச் சுவிட்சைப் போட்டேன். "இதோ, இதோ கேக்குதுல்ல?" என்றேன். அக்காவுக்கும் கேட்டது. அவர் குனிந்து காத்தாடியிடம் காதை வைக்கவில்லை. என் கையைப் பார்த்தார். காத்தாடி ஓடுகிற அதிர்வு தாங்கி வழியாக மேசைக்கு வந்து, மேசையிலிருந்து என் கைக்கு ஏறி, வளையல் ஒவ்வொன்றும் அடுத்ததை மெல்லத் தொட்டுத் தொட்டுக் கிணுகிணுத்துக்கொண்டிருந்தது. அக்கா சிரிக்க ஆரம்பித்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"பாவம் அந்த மெக்கானிக்கு! மூணு நாளா உன் வளைகாப்ப இல்ல ரிப்பேரு பண்ணிக்கிட்டு இருந்திருக்கான்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அறையில் வளையல் போடக்கூடாது என்பது அக்காவே வைத்த சட்டம். அவர் கையில் மஞ்சள் கயிறுதான் கட்டியிருப்பார், மெட்டியைக்கூட ஸ்டாக்கிங்கால் மூடியிருப்பார். எனக்கும் தெரியும். வளைகாப்பு வளையல் வேறு, அதைப் போய் வளையல் கணக்கில் சேர்ப்பார்களா என்று நினைத்துவிட்டேன். இப்போது கழற்றினால் பிள்ளை, கழற்றாவிட்டால் வேலை. "கழட்டுறேன்க்கா" என்று சொல்லிவிட்டேன். சொன்னேனே தவிர கை போகவில்லை.

அக்கா என் கை இரண்டையும் பிடித்துக்கொண்டார். "உன்னை யாரு கழட்டச் சொன்னா? எனக்கு அப்படிச் சொல்ல வாய் வருமா? உக்காரு" என்றார். தன் கைக்குட்டையை எடுத்துப் பல்லால் கடித்து நீளநீளமாகக் கிழித்தார். கதவைத் திறந்து ஃபாத்திமாவைக் கூப்பிட்டார். அவள் வீட்டுக்காரர் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்துக்குப் போடும் ரப்பர் வளையம் அவள் பையில் எப்போதும் கிடக்கும். துணிக் கீற்றை ஒரு வளையலுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று பாய் பின்னுவது போல விட்டு இழுத்து, இரண்டு முனையிலும் ரப்பர் வளையத்தைப் போட்டு முடித்தார். ஒரு வளையல்கூட உடையவில்லை. கையை ஆட்டிப் பார்த்தேன். சத்தமில்லை.

"பாரு, ரப்பர் காட்டுல பொறந்தவளுக்கு ரப்பர் எங்கெங்கெல்லாம் உதவுது" என்றாள் ஃபாத்திமா, அக்காவைக் காட்டி.

அக்கா நேராக மேடம் வோங்கைக் கூட்டி வந்தார். நடந்ததை ஒளிக்கவில்லை. "தப்பு காத்தாடில இல்ல மேடம். எங்க ரூமுல. இவள தனியா விட்டுட்டுப் போனது நான்" என்றார். மேடம் வோங்குக்கு முகம் சிவந்துவிட்டது. மூன்று நாள் லைன் வீண், இந்தப் பெண்ணை வேறு எங்கே வைப்பது, இனி வேண்டாம் என்று சொன்னார். அக்கா குரலை உயர்த்தவில்லை. "இவள அனுப்பினா எனக்கு ஒரு காதுதான் மிச்சம். ஒத்தக் காத வச்சுக்கிட்டு சனிக்கிழமை லாரிக்கு நான் எப்படிக் குடுப்பேன்? அனுப்புறதுன்னா ரெண்டு காதையும் அனுப்பிருங்க" என்றார். அக்கா அப்படிப் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை. அவருக்கும் இரண்டு பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது.

மேடம் வோங் என் கையைப் பார்த்தார். வளையலுக்கு ஊடே ஓடுகிற துணியைத் தொட்டுப் பார்த்தார். "எப்ப கழட்டுவே?" என்றார்.

"பிள்ளை பொறந்ததும், மேடம்."

"சனிக்கிழமை லாரி போகணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது கதவை மெதுவாகச் சாத்தினார்.

அதற்குப் பிறகு இரண்டு நாளும் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. நான் மாட்டுவேன், அக்கா கேட்பார். அக்கா மாட்டுவார், நான் கேட்பேன். ரிஜெக்ட் அடுக்கு குறையக் குறைய நல்ல பெட்டி நிறைந்தது. எல்லாம் முடிகிற நேரத்தில், நான் நல்லது என்று ஒதுக்கி வைத்திருந்த அந்த ஒரு தட்டு மிச்சம் இருந்தது. நான் சத்தம் கேட்டுத்தான் பிரித்திருந்தேன். காகிதக் கீற்றைக் காட்டிக் காற்றுப் பார்ப்பது அக்கா வேலை. அவர் ஒன்றை மாட்டிக் கீற்றைத் தொங்கவிட்டார். கீற்று தூங்கியது. அடுத்தது, அதுவும் தூங்கியது. தட்டு முழுக்க மந்தமாகச் சுற்றுகிற காத்தாடிகள். மேசையை அசைக்கக்கூடத் தெம்பில்லாததால்தான் என் வளையல் அவற்றுக்கு வாயைத் திறக்கவில்லை.

அக்கா என்னைப் பார்த்தார். "சரோஜா, நீ ஒண்ணும் தப்பாப் பிரிக்கலடி. ரொம்பக் கவனமாத் தலைகீழாப் பிரிச்சிருக்க. பெட்டிய மாத்தி வச்சிருந்தாப் போதும், நான் பீடோர்ல இன்னும் ரெண்டு நாள் இருந்திருப்பேன்." அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். உள்ளே பிள்ளையும் உதைத்தது. சனிக்கிழமை மத்தியானம் லாரி போனது. நான் அந்த நாற்காலியில் பிள்ளைபெறப் போகும் வாரம்வரை உட்கார்ந்திருந்தேன்.

தினமும் சாயங்காலம் பஸ் வருவதற்கு முன்னால் அக்காவே அந்தத் துணியை உருவுவார். "இப்ப நல்லாக் குலுக்கு. பிள்ளை காலையில இருந்து காத்தாடியவே கேட்டுச் சலிச்சுப் போயிருக்கும்" என்பார். பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வீடுவரை கையை ஆட்டிக்கொண்டே போவேன். காலையில் மறுபடி பின்னிவிடுவார்.

அன்றைக்கு அவர் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தது எனக்கு வாங்கிய இரண்டு பச்சை வளையல். "இதையும் மாட்டினா மேடம் என்னை வெட்டிருவாங்க. பிள்ளை வரட்டும், தாரேன்" என்று பையிலேயே வைத்துக்கொண்டார். தைப்பிங் ஆஸ்பத்திரியில் மகள் பிறந்த மறுநாள் வந்தார். என்னைக்கூட விசாரிக்கவில்லை. வார்டில் அவ்வளவு பேர் பேசிக்கொண்டிருக்க, தொட்டில் பக்கத்தில் ஒரு நிமிஷம் சும்மா நின்றார். பிறகு அந்த இரண்டு வளையலையும் பிள்ளையின் இடது காதுப் பக்கம் மெதுவாக ஒன்றோடொன்று தட்டினார். பிள்ளை முகத்தைச் சுளித்து அந்தப் பக்கம் திரும்பியது. வலது பக்கம் தட்டினார். இந்தப் பக்கம் திரும்பியது. பிறகு மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தார். தொட்டில் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டி, "பாஸ்" என்றார்.

போன வாரம் அக்கா வீட்டுக்கு என் மகள்தான் காரில் கூட்டிப்போனாள். நடு வீட்டில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் ஒரு மேசைக் காத்தாடி கடகடவென்று ஆடிக்கொண்டு இரைந்தது. உட்கார்ந்திருந்த பெண்கள் அதற்கு மேல் குரல் எழுப்பி அழவேண்டியிருந்தது. யாருக்கும் அதை நிறுத்த மனசில்லை, புழுக்கம் அப்படி. எனக்குப் பொறுக்கவில்லை. அக்காவின் கைக்குட்டைக் கீற்றுகளில் ஒன்றை நான் இவ்வளவு காலம் பணப்பையில் வைத்திருந்தேன். ரப்பர் வளையம் எப்போதோ இற்றுப்போய்விட்டது. துணி இருந்தது. அதை நாலாக மடித்துக் காத்தாடியின் ஆடுகிற காலுக்கடியில் செருகினேன். கடகடப்பு நின்றது. அக்காவின் நெற்றிப் பக்கம் ஃபாத்திமா கையை நீட்டிப் பார்த்து, "காத்து வருதுடி" என்றாள். நான் மேசையில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

துணியை அங்கேயே விட்டுவிட்டேன். பச்சை வளையல் இரண்டும் மகளிடம் இருக்கிறது. எனக்கென்று அக்காவிடமிருந்து மிச்சம் இருப்பது அந்த ஒரு நிமிஷம். காலையில் எழுந்ததும் சமையற்கட்டில் எதையும் போடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறேன். ஒன்றுமில்லாததைக் கேட்கிறேன். இந்தப் பத்து நாளாக அதில் அக்கா இல்லாததும் கேட்கிறது. அதையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்து காத்தாடியைப் போடுகிறேன்.